மின்னணுத் தாளுக்கு எந்த நார்: வாழையா, கரும்புச் சக்கையா, வைக்கோலா?

பேட்டரிக்குள் வைக்கும் பிரிப்பான், மின்காப்புத் தாள், வளையும் மின்சுற்றுக்கான அடித்தாள் ஆகியவற்றுக்கு நார் எடுக்கக் கடலூர் வட்டாரத்தில் மூன்று பொருள்கள் பக்கத்திலேயே கிடைக்கின்றன: ராமாபுரம் பக்கத்து வாழை மட்டை, நெல்லிக்குப்பம் ஆலைச் சக்கை, காட்டுமன்னார்கோவில் வைக்கோல். நாரின் அடிப்படைப் பொருளான செல்லுலோஸ் வாழைநாரில் ஏறத்தாழ 60%, சக்கையில் 40–50%, வைக்கோலில் 35–40%. காகிதத்துக்கு இந்தக் கணக்கு போதும். மின்னணுவுக்கு, கடைசியில் நாரில் தங்கும் உப்பும் சாம்பலும் (எரித்தால் மிஞ்சும் தாதுப்பொருள்) தான் முக்கியம். எஞ்சிய சோடியமும் குளோரைடும் ஈரம் பட்டதும் நகரத் தொடங்கும். மின்கசிவு கூடும், செம்புத் தடம் அரிக்கும்.

அந்த வகையில் வைக்கோல்தான் கடைசி. சாம்பலே 15–20% வரை இருக்கும், பெரும்பகுதி சிலிக்கா. நாரைப் பிரிக்க வேகவைக்கும் காஸ்டிக் சோடாவில் அது கரையும். ஆனால் வேகவைத்த தொட்டியிலேயே அமிலம் விட்டு நடுநிலையாக்கினால், பி.எச். (கார-அமில அளவு) 10-க்குக் கீழே இறங்கும்போது சிலிக்கா கூழாகத் திரண்டு நார்மேலேயே படிந்துவிடும். சூடாக இருக்கும்போதே வேகவைத்த கருநீரை வடித்து, வெந்நீரில் அலசிய பிறகுதான் அமிலம் சேர்க்க வேண்டும். மாட்டுத் தீவனத்தை இதற்கு எடுப்பதும் எங்களுக்கு உவப்பில்லை.

சக்கை ஆண்டில் பல மாதம் ஒரே இடத்தில் குவிகிறது. அளவு வேண்டுமென்றால் அதுதான். ஆனால் ஆலைக்கு அது கொதிகலன் எரிபொருள், சும்மா தரமாட்டார்கள். உள்ளே பஞ்சுபோன்ற சோற்றுப்பகுதி மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருக்கும். சலித்து நீக்காவிட்டால் அதுவே காரத்தைக் குடித்துவிடும், நார் வேகாது. இழைகளை ஒட்டிவைக்கும் லிக்னின் 20% அளவில் இருப்பதால் கார வேக்காடு இரண்டு முறை தேவை. தடித்த காப்பு அட்டைக்குச் சக்கை சரி.

மெல்லிய, சுத்தமான தாளுக்கு எங்கள் தேர்வு வாழை. தார் வெட்டிய இரண்டு நாளுக்குள் மட்டையை உரித்து இயந்திரத்தில் சீவ வேண்டும்; தாமதித்தால் நார் பழுத்துக் கறுக்கும். 100 கிலோ மட்டையில் ஒரு கிலோவை ஒட்டியே உலர்நார் தேறும். 2011 டிசம்பர் தானே புயல்போல ஒரே இரவில் தோப்பு சாய்ந்தால், அத்தனையையும் சீவ ஆளும் இயந்திரமும் இராது. வாழையின் பெரிய பலவீனம் இதுதான்.

வேகவைக்க, ஒரு கிலோ உலர்நாருக்கு 20 லிட்டர் தண்ணீர், 800 கிராம் காஸ்டிக் சோடா, 80 டிகிரி, இரண்டு மணி நேரம். எவர்சில்வர் பாத்திரம் மட்டுமே. அலுமினியம் காரத்தில் கரைந்து ஹைட்ரஜனைக் கக்கும். சோடாவைத் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போடுங்கள், மாற்றிச் செய்யாதீர்கள். வெளுக்க, பி.எச். 11 அளவில் ஹைட்ரஜன் பெராக்சைடு. தண்ணீரில் இரும்பு இருந்தால் பெராக்சைடு நுரைத்து வீணாகும், நார் மஞ்சளாகவே நிற்கும்.

கழுவுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பி.எச். 7 வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள், உப்பு பி.எச். தாளில் தெரியாது. கடலோரத்து போர் தண்ணீர் உப்பை எடுப்பதற்குப் பதில் சேர்க்கும். கடைசி அலசல்கள் அயனி நீக்கிய (கரைந்த உப்புகளை அகற்றிய) நீரில் நடக்க வேண்டும். உள்ளே விட்ட நீரும் வெளியே வந்த நீரும் மின்கடத்தல் மானியில் ஒரே அளவு காட்டும்வரை விடக்கூடாது. அரைப்பதற்கு முன், வெளுத்துக் கழுவிய நாரை முழுக்க உலர்த்தவும் கூடாது: இழைகள் ஒன்றோடொன்று இறுகிவிட்டால் பிறகு பிரியாது.

நாரை நுண்ணிய அளவுக்குப் பிரிக்க 64% கந்தக அமில வழி வேகமானது. ஆனால் இழையில் ஒட்டும் சல்பேட் வெப்பத் தாங்குதிறனைக் குறைக்கும், ஈயமில்லாப் பற்றவைப்பின் 250 டிகிரிக்கு அது ஒத்துவராது. தண்ணீரில் ஒரு சதவீதக் கூழாக்கிக் கல் அரவையில் பலமுறை ஓட்டுவதே மேல்.

தாள் தயாரானதும் மின்தடையை இருமுறை அளக்கவும்: 105 டிகிரியில் உலர்த்திய கையோடு ஒருமுறை, கடல்காற்றில் ஒருநாள் கிடந்தபின் இன்னொருமுறை. ஈரத்தைத் தடுக்கும் மேல்பூச்சு எவ்வளவு தேவை என்பதை இரண்டாம் அளவைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.