மெலிந்த முடிக்குச் சீயக்காயா, ஷாம்புவா?

காரைக்குடியில் எங்கள் வீட்டில் சீயக்காயைப் பற்றி ஒரு குறை சொல்லிவிட முடியாது. அப்பத்தாவின் சடை இடுப்புக்குக் கீழே தொங்கும். அது சீயக்காய் கொடுத்த முடி என்று குடும்பமே நம்புகிறது. நாற்பதைத் தாண்டியதும் எனக்கு வகிடு அகலமாகத் தெரிய ஆரம்பித்தது. “ஷாம்புவை முதல்ல தூக்கிப் போடு” என்றார்கள். போட்டேன். ஒரு வருஷம் முழுக்கச் சீயக்காய், அடுத்த வருஷம் ஷாம்புவும் கண்டிஷனரும் என்று ஒரே தலையில், ஒரே போர் தண்ணீரில் இரண்டையும் பார்த்துவிட்டேன்.

எதைத் தேய்த்துக் குளித்தாலும் வேரில் புது முடி முளைக்காது. நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லோருக்கும் உள்ளதுதான். மூன்று நாள் தலை குளிக்காவிட்டால் அத்தனையும் சேர்ந்து நாலாம் நாள் கையோடு வரும். அதைப் பார்த்துப் பயந்து குளிப்பதையே தள்ளிப்போடுகிறவர்கள் பலர். தள்ளிப்போட்டால் அழுக்கும் பிசுக்கும் சேர்ந்து தலை அரிக்கும், அவ்வளவுதான். இருக்கிற முடி நடுவில் ஒடியாமல் இருக்கிறதா என்பதில்தான் கழுவுகிற விதத்துக்கு வேலை.

சீயக்காயில் நுரையைத் தருவது சபோனின். மென்மையானது, லேசான அமிலத்தன்மை உள்ளது, தலைத்தோலைக் காயவிடாது. ஆனால் அந்த மென்மையே நம் வழக்கத்துக்குத் தடையாகிறது. நல்லெண்ணெயைச் சொட்டச் சொட்ட வைத்துவிட்டு அதைப் போக்க இரண்டு கை பொடியைப் போட்டுப் பரபரவென்று தேய்க்கிறோம். நனைந்த முடி இழுத்தால் நீளும், சட்டென்று அறும். அடர்த்தியான தலைக்கு அந்தத் தேய்ப்பு ஒன்றும் செய்யாது. மெலிந்த தலையில் ஒவ்வொரு இழையும் கணக்கு. பொடியின் திப்பி வகிட்டில் உட்கார்ந்துவிடும், காய்ந்தபின் சீப்பால் அதை இழுக்கும்போது இன்னும் கொஞ்சம் முடி போகும். எனக்கு நடந்தது இதுதான்.

அதற்காகச் சீயக்காயை விடச் சொல்ல மாட்டேன், பொடியை விடச் சொல்வேன். முழுக் காயை நாலைந்தாக உடைத்து, இரண்டு பூந்திக்கொட்டைத் தோலும் ஒரு ஸ்பூன் வெந்தயமும் சேர்த்து ராத்திரி ஊறவைத்து, காலையில் கொதிக்கவிட்டு ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டி, அந்தத் தெளிவை மட்டும் தலையில் ஊற்ற வேண்டும். கண்ணில் பட்டால் எரியும், அண்ணாந்து ஊற்றிக்கொள்ளுங்கள்.

ஷாம்புவின் பலம் வேகம். விரல் நுனியால் ஒரு நிமிஷம் பிசைந்தால் பிசுக்கு போய்விடும், தேய்க்க வேண்டியதே இல்லை. வியர்த்துக் கொட்டும் சித்திரை வைகாசியில் வாரம் மூன்று முறை கழுவ இதுதான் முடிகிறது. நுரைக்காகச் சேர்க்கும் சல்ஃபேட் அதிகமுள்ள ஷாம்பு முடியை வறட்டிவிடும் என்பதால் சல்ஃபேட் இல்லாததைப் பார்த்து வாங்குகிறேன். கையில் தண்ணீர் விட்டுக் கரைத்து, தலைத்தோலில் மட்டும் வைத்தால் போதும். வழிகிற நுரையே நுனியைச் சுத்தம் செய்துவிடும். குளியல் சோப்பை மட்டும் தலையில் வைக்காதீர்கள். உப்புத் தண்ணீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளைப் படிவாக ஒட்டிக்கொள்ளும்.

கண்டிஷனர் போட்டால் முடி கொட்டும் என்ற பேச்சு எங்கள் பக்கம் நிறைய. அதில் உண்மை இல்லை. அடிபட்ட முடியில் எதிர்மின் தன்மை கூடும். கண்டிஷனரிலுள்ள நேர்மின் பொருள் அங்கே போய்ப் படிந்து இழையை வழுக்க வைக்கிறது. சிக்கு விழாது, சிக்கு எடுக்கையில் ஒடியாது. காதுக்குக் கீழே மட்டும் தடவி இரண்டு நிமிஷத்தில் அலசிவிடுங்கள். வேர் வரை தடவினால் இருக்கிற கொஞ்ச முடியும் படிந்து மண்டை தெரியும். செம்பருத்தி இலையை அரைத்துத் தேய்த்தாலும் அந்த வழுவழுப்பு வரும், ஆனால் நார் தங்காமல் வடிகட்டும் பொறுமை வேண்டும். விசேஷ நாளில் செய்யலாம். வாரம் மூன்று நாள் யாரால் முடியும்?

எண்ணெயில் என் ஓட்டு தேங்காய் எண்ணெய்க்கு. 2003இல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியின் புரதம் கழன்று போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லாரிக் அமிலம் இழைக்குள் இறங்குகிறது. குளிப்பதற்கு முன் ஒரு ஸ்பூன் போதும், ஷாம்புவுக்கே போய்விடும்.

குளித்ததும் துண்டை முறுக்கி முடியைத் தட்டுவதையும் ஈரத்தோடு கொண்டை போடுவதையும் நிறுத்தினேன். சீயக்காய், ஷாம்பு இரண்டையும்விட இதில் கிடைத்த பலன் அதிகம். வகிடு மாதாமாதம் அகலமானால், அல்லது காய்ச்சலோ பிரசவமோ முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் கொத்துக் கொத்தாகப் போனால் தோல் மருத்துவரிடம் போங்கள். இரும்புச்சத்தும் தைராய்டும் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் முடி வளர உதவும் மினாக்சிடில் மருந்து தருவார்கள். நான் ஒரு வருஷம் தாமதமாகப் போனேன்.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் ஷாம்பு, சனிக்கிழமை சீயக்காய்த் தெளிவு. ஐப்பசி மழையில் வளவு (வீட்டு நடுமுற்றம்) ஓட்டிலிருந்து விழுகிற தண்ணீரை அண்டாவில் பிடித்துத் துணி கட்டி மூடி வைக்கிறேன். அது தீரும்வரை, அலசுகிற கடைசி இரண்டு செம்பு உப்பில்லாத அந்தத் தண்ணீர்தான்.