மாத்திரையை நிறுத்தச் சொல்லும் அக்குபஞ்சர், கப்பிங் மையங்கள்: எச்சரிக்கை

மூட்டு வலிக்கு ஊசி குத்திக்கொள்ளப் போன ஒரு பெண்மணி, அங்கே சொன்னதைக் கேட்டு தைராய்டு மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் நிறுத்தினார். இரண்டு மாதத்தில் முகம் வீங்கி, குரல் கம்மி, நடக்கத் தெம்பில்லாமல் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. மூன்று மாத பேக்கேஜ் என்று மையம் முன்கூட்டி வாங்கிய 18,000 ரூபாய் திரும்பி வரவே இல்லை. ஊரும் பெயரும் இங்கே வேண்டாம். நடந்த விதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள், பல ஊர்களில் இதே விதமாகத்தான் நடக்கிறது.

முதல் இரண்டு அமர்விலேயே வலி குறைந்தது உண்மை. நாள்பட்ட வலி சிலவற்றுக்கு அக்குபஞ்சர் ஓரளவு கைகொடுக்கும். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் அமைப்பு நாள்பட்ட டென்ஷன் தலைவலிக்கு 5 முதல் 8 வாரத்தில் 10 அமர்வு வரை பார்க்கலாம் என்கிறது. அதே அமைப்பு முதுகுவலிக்குச் செய்திருந்த பரிந்துரையை 2016-ல் விலக்கிக்கொண்டது. வலியிலேயே பலன் இப்படி அளவோடுதான். சுரக்காத தைராய்டைச் சுரக்க வைக்க, ஊசி குத்தும் எந்தப் புள்ளியாலும் முடியாது. ஆனால் வலி குறைந்ததில் வந்த நம்பிக்கையை வைத்துத்தான் அந்த ஹீலர், “எல்லாம் வேரோடு போகும், மாத்திரையை நிறுத்துங்கள்” என்றார்.

நிறுத்திய பிறகு சில வாரம் ஒன்றும் ஆகவில்லை. ஏமாற்று வேலை நடப்பதே இந்த இடைவெளியில்தான். தைராய்டு மாத்திரையில் உள்ள தைராக்ஸின் உடலில் பாதியாகக் குறையவே சுமார் 7 நாள் ஆகும். 14 நாள் கழித்தும் கால் பங்கு மிச்சம் இருக்கும். சர்க்கரை 250-ஐத் தாண்டினாலும் பலருக்குப் பல நாள் தொந்தரவு எதுவும் தெரியாது. பழைய மாத்திரையின் மிச்சம் காப்பாற்றிய நாட்களை ஊசியின் வெற்றி என்று காட்டி, மொத்தப் பணத்தையும் அப்போதே வாங்கிவிடுகிறார்கள். பிறகு வீக்கமும் சோர்வும் வந்தால் “கழிவு வெளியேறுகிறது” என்று ஒரே பதில். ரத்தப் பரிசோதனை கேட்டால், “ரிப்போர்ட் பார்த்தால் பயம்தான் வரும்” என்று தடுக்கிறார்கள். பரிசோதனை வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் அடுத்த அமர்வுக்கு உட்காராதீர்கள்.

இவருக்கு இரண்டு மாத அவகாசமாவது இருந்தது. டைப் 1 சர்க்கரைக்காரர் இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்து. வலிப்பு மாத்திரை, நெடுநாள் எடுத்த ஸ்டீராய்டு, இதயத்துக்கான பீட்டா பிளாக்கர் ஆகியவற்றையும் திடீரென்று நிறுத்தவே கூடாது.

அதே மையத்தில் அவருக்குக் கப்பிங்கும் (தோலில் கப் வைத்து உறிஞ்ச விடுவது) செய்தார்கள். ஒருவருக்கு வைத்த பிளாஸ்டிக் கப்பை டெட்டாலில் அலசி அடுத்தவருக்கு வைத்தார்கள். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் காய்ந்த பரப்பிலும் குறைந்தது 7 நாள் பிழைத்திருக்கும், அலசினால் போகாது. கீறி ரத்தம் எடுக்கும் கப்பிங்கான ஹிஜாமாவை முறைப்படி செய்பவர் தோலைக் கிருமிநாசினியால் துடைத்து, கப்பைச் சில நிமிடம் உறிஞ்ச வைத்து, உறை பிரித்த புதிய பிளேடால் மேல்தோலை மட்டும் கீறி, மறுபடி சில நிமிடம் கப் வைப்பார். பிளேடு குத்துத் தாங்கும் வெள்ளைப் பெட்டிக்குப் போகும். கப்பும் ஒருவருக்கு ஒரு தடவைதான். கப்பில் கறுப்பாக ஜெல்லி மாதிரி நிற்பதைக் காட்டி “கெட்ட ரத்தம் பாருங்கள்” என்பார்கள். கப்புக்குள் சில நிமிடம் நின்றால் யாருடைய ரத்தமும் உறையும், ஆக்சிஜன் குறைந்தால் கருஞ்சிவப்பாகத்தான் தெரியும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல் மாத்திரை எடுப்பவர்களும் ரத்தசோகை உள்ளவர்களும் கீறல் கப்பிங்கைத் தொடவே வேண்டாம். காலில் உணர்ச்சி குறைந்த சர்க்கரைக்காரர்களுக்கு நெருப்பு காட்டி வைக்கும் கப்பால் சுட்டுக் கொப்பளித்தாலும் தெரியாது.

ஊசியைக் கண்ணெதிரே உறை பிரிக்கச் சொல்லுங்கள், காலாவதித் தேதியைப் பாருங்கள். தோள்பட்டையிலும் மேல்முதுகிலும் ஊசியைச் செங்குத்தாக ஆழமாகச் செருகினால் நுரையீரல் உறையில் ஓட்டை விழலாம். சில மணி நேரம் கழித்துக்கூட நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வறட்டு இருமல் வரலாம். வந்தால் மையத்துக்குப் போன் போட்டுக்கொண்டிருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், ஊசி குத்தியதைச் சொல்லி, மார்பு எக்ஸ்ரே எடுங்கள்.

பணத்தை யுபிஐயில் கொடுங்கள், ரசீது மறுத்தாலும் அந்தப் பதிவு மிஞ்சும். தகுதியில்லாதவர் சிகிச்சை செய்வதாகத் தெரிந்தால் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். பணத்துக்கு நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும்.

ஏற்கெனவே மாத்திரையை நிறுத்தியவர்கள்: இன்சுலின், வலிப்பு, ஸ்டீராய்டு, இதய மாத்திரை என்றால் இன்றே மருத்துவரிடம் போங்கள். தைராய்டு, சர்க்கரை என்றால் டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை), ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) இரண்டையும் இந்த வாரமே எடுங்கள். பழைய அளவில் தைராக்ஸினை நீங்களாகத் தொடங்க வேண்டாம். வயதானவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் குறைந்த அளவில் தொடங்கித்தான் மெல்ல ஏற்றுவார்கள்.