ஃபைட்டர் மீனுக்கான மூடியிட்ட கண்ணாடித் தொட்டி: மூன்று மாதப் பயன்பாட்டுக்குப் பின்

ஃபைட்டர் மீனுக்கென்றே விற்கப்படும் 20 லிட்டர் கண்ணாடித் தொட்டி ஒன்றை மூன்று மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். கண்ணாடி தெளிவாக இருக்கிறது, கசிவு இல்லை, உடன் வந்த வடிகட்டியும் சத்தமின்றி ஓடுகிறது. குறையெல்லாம் மூடியில்தான்.

விளிம்பு வரை நீர் நிரப்பச் சொல்கிறது கையேடு. அவ்வாறு நிரப்பினால் மூடி நீர்ப்பரப்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. முதல் நாள் மாலையே மீன் மூடியின் அடிப்பக்கத்தில் வாயை உரசியபடி மூலைக்கு மூலை அலைந்ததைக் கண்டு, மூடியை எடுத்துவிட்டேன். உடனே அது மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டுக் கீழிறங்க, செவுள் மூடியின் ஓரத்திலிருந்து ஒரு சிறு குமிழி நழுவி மேலேறியது.

இம்மீனுக்குச் செவுள்களின் மேலுள்ள அறையில், மெல்லிய எலும்புத் தகடுகள் மடிப்பு மடிப்பாக அமைந்து, அவற்றின் மேல் இரத்த நாளங்கள் நிறைந்த தோல் போர்த்திய லேபிரிந்த் என்னும் உறுப்பு உண்டு. விழுங்கிய காற்றிலுள்ள ஆக்சிஜன் அங்கேயே இரத்தத்தில் கலந்துவிடுகிறது. தேங்கிய, வெதுவெதுப்பான ஆழமற்ற நீரில் வாழும் மீனுக்கு இது பெரிய வசதி. 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், காற்றோட்டமுள்ள நன்னீரிலேயே லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். அதே அளவு காற்றில் ஏறத்தாழ 30 மடங்கு உள்ளது. வடிகட்டி நீரைக் கலக்கிக்கொண்டிருந்தாலும் இம்மீன் அவ்வப்போது மேலே வந்துதான் போகும். இதே உறுப்புள்ள கௌராமி மீனை வளர்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். கோரிடோரஸ் என்னும் சிறு கெளுத்தி மீனின் வழியோ வேறு: அது விழுங்கும் காற்றிலிருந்து குடலே ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ள, எஞ்சியது பின்வழியாக வெளியேறுகிறது. எந்த வழியானாலும் மூடிக்கும் நீருக்கும் நடுவே இடைவெளி வேண்டும்.

இப்போது நீர்மட்டத்தை நான்கு விரற்கடை குறைத்து வைத்திருக்கிறேன். மூடியைக் கழற்றி வைப்பது சரியான தீர்வன்று. மீன் துள்ளி வெளியே விழக்கூடும் என்பதோடு, நீருக்கு மேலுள்ள வெதுவெதுப்பான ஈரக் காற்றும் கலைந்துவிடும். மட்டத்தைக் குறைத்ததால் வேறொரு தொல்லை வந்தது: வடிகட்டியின் நீர் உயரத்திலிருந்து விழுந்து, முட்டைகளை வைக்க ஆண் மீன் கட்டிய நுரைக்கூட்டைக் கலைத்துவிட்டது. குழாய் வாயில் ஒரு பஞ்சுத் துண்டைச் செருகிய பிறகே கூடு நிலைத்தது. தயாரிப்பாளர் வடிகட்டியின் வாயைத் தாழ்த்தி, கண்ணாடியில் நீர்மட்டக் கோடு ஒன்றையும் இட்டிருந்தால் ஐந்து நட்சத்திரம் தந்திருப்பேன், இப்போதைக்கு மூன்று.