திருச்சி: வாடகை கொடுத்துக் குடியிருப்பவரின் ரிவ்யூ

மிக்ஸிக்கும் பிரியாணிக் கடைக்கும் பக்கம் பக்கமாக ரிவ்யூ எழுதுகிறோம், மாதா மாதம் வாடகை கொடுத்துக் குடியிருக்கும் ஊருக்கு ஏன் எழுதக்கூடாது? திருச்சி என்றால் பாதிப் பேருக்கு ஜங்ஷனில் ரயில் நின்ற கொஞ்ச நேரமும், பஸ் மாறுகிற அவசரத்தில் குடித்த ஒரு டீயும்தான் நினைவுக்கு வரும். மதுரைக்குப் போகிறவர், தஞ்சாவூருக்குப் போகிறவர், புதுக்கோட்டைக்குப் போகிறவர் எல்லாருக்கும் இது வழியில் இருக்கும் ஊர். மதுரைக்காரரையும் கோவைக்காரரையும் கேட்டால் ஊர்ப் பெருமையை மணிக்கணக்கில் பேசுவார்கள், திருச்சிக்காரரைக் கேளுங்கள், “பரவால்ல, நல்லாத்தான் இருக்கு” என்று முடித்துவிடுவார். ஊருக்கு விளம்பரமே கிடையாது.

எனக்குப் பிடித்த முதல் விஷயம் நேரம். தில்லை நகரில் வீடு பிடித்தால் தென்னூர் உழவர் சந்தை நடந்து போகும் தூரம், அந்தப் பக்கம் புத்தூர், இந்தப் பக்கம் உறையூர், குறுக்குத் தெருவுக்கு ஒரு டாக்டர் போர்டு. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, சட்டை மாற்றி, மலைக்கோட்டை அடிவாரத்தில் என்.எஸ்.பி. ரோட்டில் துணி எடுத்துவிட்டு, ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கே திரும்பிவிடலாம். இதைச் சென்னையில் செய்து பாருங்கள், போய் வருவதற்குள்ளேயே பசி செத்துவிடும். நண்பர் வீட்டுக்குப் போக இங்கே யாரும் முன்கூட்டித் திட்டம் போடுவதில்லை, “இருக்கியா?” என்று போன் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்புகிறார்கள்.

டவுன் பஸ்ஸுக்குத் தனி மார்க் கொடுக்க வேண்டும். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வழியாக ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பரில் அரசு பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் போட்டி போட்டுக்கொண்டு ஓடும். தனியார் பஸ்ஸில் ஸ்பீக்கர் அலற, கண்டக்டர் படியில் தொங்கியபடியே விசில் கொடுத்து, ஓடி வருகிற பாட்டியைக் கையைப் பிடித்து ஏற்றி, பின்னாடி வருகிற போட்டி வண்டியை ஒரு கண்ணால் அளந்துகொண்டே சில்லறையும் கொடுத்துவிடுவார். காது போகும், ஆனால் ஸ்டாப்பில் ரொம்ப நேரம் நிற்க வேண்டியதில்லை.

விமான நிலையமும் ஊரை ஒட்டியே இருக்கிறது, ஜங்ஷனிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர்தான். 2024 ஜூனில் புது முனையம் செயல்பாட்டுக்கு வந்தது, ஸ்ரீரங்கத்தைப் பார்த்து வரைந்த மாதிரி கலர் கலராகக் கோபுர வேலைப்பாடு. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய்க்கெல்லாம் நேராக விமானம் உண்டு, இந்த அளவு ஊருக்கு அது பெரிய விஷயம். சுற்றுவட்டார மாவட்டங்களிலிருந்து ஒரு ஆளை வழியனுப்ப ஒரு வேன் ஆள் வருவதை இன்னமும் இங்கே பார்க்கலாம்.

சாப்பாட்டில் மதுரையோடு மோதாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் திருவானைக்காவல் பார்த்தசாரதி விலாஸ் நெய் தோசை போதும் எனக்கு. 1940-களிலிருந்து இருக்கும் கடை, இடம் சின்னது, அலங்காரம் எதுவும் எதிர்பார்க்காதீர்கள். விளிம்பு பொன்னிறத்தையும் தாண்டிக் கொஞ்சம் சிவந்து, பிய்க்கும்போது உடைந்து, விரலில் நெய் பளபளக்கும், சட்னி இல்லாமலே பாதி உள்ளே போய்விடும்.

அப்புறம் காவிரி. வெயில் காலத்தில் பாலத்தில் நின்று பார்த்தால் வெறும் மணல்தான். மேட்டூர் திறந்து சில நாளில் தண்ணீர் முக்கொம்பு வந்து காவிரி, கொள்ளிடம் என்று பிரியும், அந்த வாரம் சாயங்காலம் ஆனால் ஆற்றைப் பார்க்கவே சனம் கிளம்பிவிடும். ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபம் படித்துறைப் பக்கம் வண்டி எடுத்துக்கொண்டு போகாதீர்கள், நடந்து போங்கள்.

இனி குறைகள். வெயில் என்றால் வெயில், ஏப்ரல், மே இரண்டு மாதமும் ராத்திரிகூடச் சுவர் சுடும். வேலைதான் இதைவிடப் பெரிய குறை. பெல் (BHEL) தொழிற்சாலை, பொன்மலை ரயில்வே பணிமனை, துப்பாக்கித் தொழிற்சாலை, கல்லூரிகள், ஆஸ்பத்திரிகள், நவல்பட்டில் ஒரு ஐ.டி. பூங்கா, அதைத் தாண்டினால் தேட வேண்டும். கம்பெனி பிடிக்கவில்லை என்றால் வேறு கம்பெனி மாறுவது மற்ற ஊரில், இங்கே பெரும்பாலும் ஊரையே மாற்ற வேண்டியிருக்கிறது. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர், அரசு வேலை, பென்ஷன்காரர், இவர்களுக்கு ஊர் கச்சிதம். இருபத்தைந்து வயதில் சம்பளம் ஏறணும் என்று துடிப்பவருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

2016-இல் நாட்டின் சுத்தமான நகரங்கள் பட்டியலில் மூன்றாம் இடத்தில் இருந்த ஊர் இது. அதற்குப் பிறகு பட்டியலில் நன்றாகவே சறுக்கிவிட்டது, காந்தி மார்க்கெட் பக்கம் மழை நாளில் ஒரு நடை போனால் காரணம் தெரியும். 2025-இல் பஞ்சப்பூரில் பெரிய பேருந்து முனையம் திறந்தார்கள், பளிச்சென்று இருக்கிறது, ஆனால் ராத்திரி வெளியூரிலிருந்து வந்து இறங்கினால் ஊருக்குள் வர இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும்.

வீடு பார்க்கிறவர்களுக்கு: ஆஸ்பத்திரி, கடை பக்கத்தில் வேண்டும் என்றால் தில்லை நகர், வாடகை கொஞ்சம் கடிக்கும். அமைதி வேண்டும் என்றால் கே.கே. நகர். ஸ்ரீரங்கத்தில் காற்றும் தண்ணீரும் பிரமாதம், ஆனால் கோயிலைச் சுற்றிய வீதிகளில் சில வீட்டுக்காரர்கள் அட்வான்ஸ் பேசுவதற்கு முன்னாலேயே முட்டை சாப்பிடுவீர்களா என்று கேட்பார்கள், வைகுண்ட ஏகாதசி சமயத்தில் உங்கள் வண்டியையே உங்கள் தெருவுக்குள் கொண்டுபோக முடியாது. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், மே மாதம் மட்டும் கேட்டால் இரண்டரை.