பழைய குடும்ப போட்டோவ சரி பண்ண எந்த சாஃப்ட்வேர்? காசு கொடுக்காமலே முடியும்

பாட்டி தாத்தா கல்யாண போட்டோ, ஸ்டூடியோல நிக்க வச்சு எடுத்த குரூப் போட்டோ, இதெல்லாம் கறை புடிச்சு மடிப்பு விழுந்து கெடக்கு, சரி பண்ண என்ன சாஃப்ட்வேர் வாங்கலாம்னு கேக்குறவங்களுக்கு என் பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீங்க. கையில காசு இருந்தா ஒரு நல்ல ஃப்ளாட்பெட் ஸ்கேனருக்கு (போட்டோவ கண்ணாடி மேல படுக்க வச்சு எடுக்கிறது) போடுங்க, இல்ல ஸ்கேன் பண்ணித் தர்ற கடைக்கு கொடுங்க. ஸ்கேன் சரியில்லன்னா எந்த சாஃப்ட்வேராலயும் ஒண்ணும் பண்ண முடியாது.

சின்ன பிரிண்ட்னா ஸ்கேனர்ல 600 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு எத்தனை புள்ளிங்கற அளவு) வைங்க, படத்தோட தரம் குறையாத டிஃப் (TIFF) ஃபார்மட்ல சேவ் பண்ணுங்க. முக்கியமா, கருப்பு வெள்ளை போட்டோவா இருந்தாலும் கலர்லயே ஸ்கேன் பண்ணுங்க. ஏன்னா கலர் ஸ்கேன்ல ரெட், க்ரீன், ப்ளூன்னு மூணு தனித்தனி பகுதி (சேனல்) இருக்கும், மஞ்சள் கறை ப்ளூ சேனல்லதான் கருப்பா திட்டு திட்டா தெரியும், ரெட் சேனல்ல பெரும்பாலும் தெரியவே தெரியாது, அந்த ரெட் சேனல மட்டும் தனியா எடுத்தா பாதி வேலை அங்கயே முடிஞ்சுடும். கிரேஸ்கேல்ல (வெறும் கருப்பு வெள்ளையா) ஸ்கேன் பண்ணிட்டா இந்த வாய்ப்பே போச்சு. ஃப்ரேம் கண்ணாடியோட ஒட்டிப்போன போட்டோவ பிச்சு எடுக்க பாக்காதீங்க, முகம் கண்ணாடியோட போயிடும், கண்ணாடியோடயே ஸ்கேன் பண்ணுங்க.

இப்ப சாஃப்ட்வேருக்கு வரேன். நான் அதிகமா யூஸ் பண்றது கிம்ப். முழுக்க இலவசம், விண்டோஸ் லினக்ஸ் மேக் எல்லாத்துலயும் ஓடும், 2025ல 3.0 வெர்ஷன் வந்ததுல இருந்து லெவல்ஸ் (வெளிச்சம், கலர் அளவ கூட்டிக் குறைக்கிறது) மாதிரி ஃபில்டர்கள போட்டுட்டு அப்புறமா மாத்திக்கவும் முடியுது. மேல சொன்ன சேனல் பிரிக்கிற வேலை இதுல ரொம்ப சுலபம். 70, 80கள்ல எடுத்த கலர் போட்டோ எல்லாம் செவசெவன்னு ஆகியிருக்கும்ல, அதுல சயான் சாயம் மங்கிப்போனதுதான் காரணம், லெவல்ஸ்ல ஒவ்வொரு சேனலா இழுத்து விட்டா சேலை கலர் திரும்ப வரும்போது அவ்ளோ சந்தோஷமா இருக்கும். குறைன்னா ஹீல் டூல்ல (நல்லா இருக்கிற இடத்த எடுத்து கறைய மூடுற டூல்) கன்ட்ரோல் அமுக்கி எங்கிருந்து எடுக்கணும்னு நாமளே காட்டணும், நூத்துக்கணக்குல புள்ளி இருக்கிற போட்டோவுக்கு கை வலிச்சுடும்.

அந்த இடத்துல போட்டோபியா நல்லா இருக்கு. பிரவுசர்லயே ஓடும், இன்ஸ்டால் பண்ண வேணாம், ஸ்பாட் ஹீலிங் பிரஷ் இருக்கு, புள்ளி மேல தடவுனா போதும். ஓரத்துல விளம்பரம் வரும், அவ்ளோதான். போட்டோ அவங்க சர்வருக்கு போகாது, நம்ம கம்ப்யூட்டர்லயே வேலை நடக்குது, குடும்ப போட்டோங்கறதால இது எனக்கு பெரிய விஷயம்.

அஃபினிட்டி முன்னாடி ஒரு தடவை காசு கட்டி வாங்குறதா இருந்துச்சு, 2025 அக்டோபர்ல இருந்து இலவசம், அத நடத்துற கேன்வா கம்பெனியோட அக்கவுண்ட் மட்டும் வேணும். அதோட இன்பெயின்டிங் பிரஷ் (தடவுன இடத்த சுத்தி இருக்கிறத வச்சு நிரப்புறது) மடிப்புக் கோட்ட எடுக்க அருமையா இருக்கு. லினக்ஸ் வச்சிருக்கவங்களுக்கு ஆகாது. போட்டோஷாப் எலிமென்ட்ஸ் வாங்கலாமான்னு கேட்டா, இப்ப அது மூணு வருஷ லைசென்ஸ்தான், முன்ன மாதிரி வாங்கினா நம்மளோடதுன்னு இல்ல, அதனால நான் சொல்ல மாட்டேன்.

அடுத்து ஏஐ. ஒரே கிளிக்ல முகம் பளிச்சுன்னு ஆகுதுன்னு எல்லாரும் மொபைல் ஆப்ல போடுறாங்க, ஆனா வர்றது உங்க தாத்தா முகம் தானான்னு ஒரு நிமிஷம் உத்துப் பாருங்க. எங்க தாத்தாவுக்கு அம்மைத் தழும்பு உண்டு, ஒரு ஆப் அத மொத்தமா வழிச்சு எடுத்துடுச்சு, பாட்டியோட ரெண்டு மூக்குத்தியில ஒண்ண காணோம். ஜிஎஃப்பிகேன் (GFPGAN) மாதிரி முகத்த சரி பண்ற ஏஐ மாடல்கள் ஃப்ளிக்கர்ங்கற போட்டோ தளத்துல இருந்து எடுத்த 70,000 முகங்கள வச்சு பழக்கினது, மங்கலா இருக்கிற இடத்துல அந்த முகங்கள மாதிரி ஒண்ண ஊகிச்சு வரையுது. ஊகிச்ச முகத்த சாமி ரூம்ல மாட்டி வைக்க எனக்கு மனசு வரல.

அதுக்காக ஏஐயே வேணாம்னு இல்ல. அப்ஸ்கேல் (Upscayl)னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, கம்ப்யூட்டர்லயே ஓடும், அதுல படத்த பெருசாக்கி கிம்ப்ல ஒரிஜினல் ஸ்கேனுக்கு மேல ஒரு லேயரா (அடுக்கா) வச்சு, சேலை, நாற்காலி, பின்னாடி இருக்கிற திரைச்சீலை இதுக்கெல்லாம் அத எடுத்துக்கிட்டு, முகம் வர்ற இடத்துல மட்டும் மாஸ்க் போட்டு (அந்த லேயர மறைச்சு) ஒரிஜினல் ஸ்கேனையே தெரிய விடுறேன். முகம் கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கும், ஆனா அது அவங்க முகம்.