ஃபார்மலினா, உறைவெட்டா?

உடலில் இருந்து வெட்டி எடுத்த திசுவில் எந்தப் புரதம் இருக்கிறது என்று ஆன்டிபாடியை (குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் ஒட்டும் மூலக்கூறு) வைத்துப் பார்க்க வேண்டும். அதற்குத் திசுவை ஃபார்மலின் என்ற பதக்கரைசலில் ஊறவைப்பதா, உறையவைத்து வெட்டுவதா? கடலூரில் எடுத்த மார்பகக் கட்டி புதுச்சேரி ஆய்வகத்துக்கு வருகிறது என்றால், என் ஓட்டு 10 சதவீத நடுநிலை ஃபார்மலினுக்குத்தான். செல்லின் வடிவம் அப்படியே நிற்கும். பிறகு திசுவைப் பதிக்கும் பாரஃபின் மெழுகுக் கட்டை வருஷக்கணக்கில் கெடாது. ஆனால் ஃபார்மலின் புரதங்களைக் குறுக்கே பிணைத்து, ஆன்டிபாடி ஒட்டும் இடத்தை மறைத்துவிடும். சிட்ரேட் கரைசலில் சூடாக்கினால் பெரும்பாலும் திறந்துகொள்ளும். மார்பகப் புற்றுக்கு எந்த மருந்து என்று முடிவு செய்ய உதவும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, ஹெர் 2 என்ற புரதங்களைப் பார்க்க, கட்டி ஃபார்மலினில் 6 முதல் 72 மணி நேரம் ஊற வேண்டும். பெரிய கட்டியைக் கீறாமல் சின்ன டப்பாவில் அமுக்கி அனுப்புகிறவர்களும் உண்டு. அவசரத்தில் இறக்கிய இட்லி மாதிரி, நடுவில் வேகாது.

உறையவைத்து வெட்டி அசிட்டோனில் நனைத்தால் இந்தப் பிணைப்பு இல்லை. வடிவம்தான் சுமார். ஆனாலும் சிறுநீரக பயாப்சி, கொப்புள நோய்த் தோல் இவற்றில் இம்யூனோஃப்ளோரசன்ஸ் (ஒளிரும் சாயம் சேர்த்த ஆன்டிபாடியால் பார்ப்பது) பார்க்க இதுதான் சரி. அதற்கான துண்டை ஃபார்மலினில் போட்டுவிடாதீர்கள். ஆய்வகத்தில் உறையவைக்கும் வரை திசுவைக் காக்கும் மிஷெல் கரைசலில் அனுப்புங்கள்.