பெரியம்மாவின் கிளினிக் கொப்பி

இந்த முறை ரொறன்ரோவிலிருந்து ஊருக்குப் போனது ஐந்து கிழமைக்கு. போய் மூன்றாம் நாளே பெரியம்மா, "நாளைக்குக் கிளினிக், கூட வாறியோ தம்பி?" என்றார். பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு சின்ன அரச வைத்தியசாலை. ஆறு மணிக்கே போயும் 27ஆவது நம்பர்தான் கிடைத்தது. சீனி, பிரஷர்காரர் எல்லாம் ஒரே வாங்கில்.

பிரஷர் அளந்த மிஸி பட்டியைக் கழற்றிக்கொண்டே, "அம்மா, நித்திரை எப்படி? முந்திச் செய்த வேலையளில இப்பவும் மனம் போகுதோ?" என்று கேட்டார். சாப்பாட்டைப் பற்றி விசாரிக்கிற மாதிரித்தான் கேட்டார். பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "2009க்குப் பிறகு நித்திரை எண்டு ஒண்டு இல்லைப் பிள்ளை" என்றார். பெரியம்மாவின் மகன், எங்கள் சின்னண்ணா, போர் முடிந்த அந்த மே மாதத்தோடு காணாமல் போனவர். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடங்கிய போராட்டத்துக்குப் பெரியம்மாவும் படத்தோடு போய் இருந்தவர். நெஞ்சுப் படபடப்பு, தலையிடி, கைகால் உளைவு என்று எத்தனையோ தடவை டொக்டரிடம் காட்டியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் பனடோல்தான்.

அன்றைக்கு உள்ளே டொக்டர் இருபது நிமிடம் கதைத்தார். வெளியே வரிசை முணுமுணுத்தது, எனக்கே கூச்சமாக இருந்தது. மனச்சோர்வு என்று சொல்லி ஒரு குளிசை எழுதினார். காலையில் போட வேண்டும், வேலை செய்ய இரண்டு மூன்று கிழமை எடுக்கும், சுகம் என்று நினைத்து இடையில் நிறுத்தக் கூடாது என்று இரண்டு தரம் சொன்னார். பிறகு அதே சீனிக் கொப்பியில் அடுத்த திகதியைப் போட்டார்.

எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தக் கொப்பிதான். எங்கள் பக்கம் மனநோய் என்றாலே, கொழும்புக்குப் பக்கத்திலுள்ள மனநோய் ஆஸ்பத்திரியின் ஊரைச் சொல்லி 'அங்கொடை' என்று பெயர் வைத்துவிடுவார்கள். பிறகு அந்த வீட்டில் சம்பந்தம் பேச ஆள் வராது. சிகிச்சையை மாவட்டங்களுக்கும் கிராமங்களுக்கும் கொண்டுபோக வேண்டும் என்று இலங்கையின் மனநலக் கொள்கை 2005இலேயே சொன்னது. நிபுணர் இல்லாத இடத்தில் சாதாரண டொக்டரையும் தாதியையும் இதற்குப் பழக்கலாம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் திட்டம் வந்தது 2008இல். கொள்கை எப்படியோ போகட்டும், வாங்கில் பக்கத்திலிருந்த மாமி "என்ன சொன்னவர்?" என்று கேட்டதற்குப் பெரியம்மா தயங்காமல், "பிரஷர் கொஞ்சம் கூடவாம்" என்றார். தனியாக 'மனநலப் பிரிவு' என்று பலகை போட்ட அறையாக இருந்தால் அவர் வாசலிலேயே திரும்பியிருப்பார்.

ஐந்தாம் நாள் குளிசையை நிறுத்திவிட்டார்! "ஒண்டும் தெரியேல்லை, வயித்தைப் பிரட்டுது." சண்டை பிடித்துத்தான் மறுபடி போட வைத்தேன். நான் பிளேன் ஏறுகிற கிழமை, விடியப்புறம் நாலரை வரை படுத்திருந்ததாகச் சொன்னார். முற்றம் கூட்டும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடியதும் கேட்டது. அதை நான் பெரிதாகக் காட்டிக்கொள்ளவில்லை, காட்டினால் நிறுத்திவிடுவார்.

போன கிழமை போன் எடுத்தேன். அந்த டொக்டர் மாற்றலாகிப் போய்விட்டாராம். கதை கேட்ட மிஸியும் லீவில். புது டொக்டர் கொப்பியைப் பார்த்துவிட்டு, "இது என்னத்துக்கு எழுதினது, முதலில இருந்து சொல்லுங்கோ" என்றிருக்கிறார். பின்னால் நாற்பது பேர்.

"என்ன சொன்னீங்கள் பெரியம்மா?"

"என்னத்தைச் சொல்ல? திரும்பச் சின்னவன்ர கதையையோ? நல்லா நித்திரை வருது டொக்டர் எண்டிட்டு வந்திட்டன்."